பீட்டர் கிரேவன்

பீட்டர் தியோடர் கிரேவன் (ஜூன் 21, 1934 - செப்டம்பர் 24, 1963) இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆவார். இவர் 1955, 1962 ஆகிய ஆண்டுகளில் தனிநபர் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றார். மான்செஸ்டர் நகரின் பெல் வியூ ஏசஸ் அணிக்காகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தயங்களில் பங்கேற்ற இவர், அந்த அணியின் வரலாற்றில் மக்களால் மிகவும் விரும்பப்பட்ட வீரர்களுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். உலகச் சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் இங்கிலாந்து வீரரும் இவரே. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடைபெற்ற பந்தயம் ஒன்றில், தனக்கு முன்னால் விழுந்த வீரர் மீது மோதாமல் விலக முயன்றபோது ஏற்பட்ட விபத்தின் காரணமாகத் தனது 29ஆவது வயதில் காலமானார்.

ஸ்பீட்வே பந்தயம் - ஓர் அறிமுகம்

கிரேவனின் திறமையைப் புரிந்து கொள்வதற்கு ஸ்பீட்வே பந்தயத்தின் தன்மையை அறிதல் அவசியமாகும். இப்பந்தயம் முட்டை வடிவிலான, மண்ணும் நொறுங்கிய கல்துகளும் பரப்பப்பட்ட தளத்தில் நடைபெறுகின்றது. ஒவ்வொரு பந்தயத்திலும் பொதுவாக நான்கு வீரர்கள் பங்கேற்பர். இவர்கள் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த் திசையில் நான்கு சுற்றுகள் செல்வர். முதலில் வருபவருக்கு 3 புள்ளிகளும், இரண்டாமவருக்கு 2 புள்ளிகளும், மூன்றாமவருக்கு 1 புள்ளியும் வழங்கப்படும். கடைசியாக வருபவருக்குப் புள்ளி கிடையாது. ஒரு பந்தயம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்பந்தயத்தில் பயன்படும் வண்டிக்கு 500 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை உருளை எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருளாக மெத்தனால் பயன்படுகின்றது. வண்டிக்கு ஒரே ஒரு கியர் மட்டுமே உண்டு; பிரேக் கிடையாது. வளைவுகளில் வீரர் வண்டியின் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்புறமாகத் திருப்பி, பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைக் கடப்பார். அப்போது அவரது இடது கால் தரையைத் தொட்டுக் கொண்டு செல்லும். அதன் பொருட்டு இடது காலணியின் அடியில் இரும்பாலான உறை ஒன்று மாட்டப்படுகின்றது. பிரேக் இல்லாத காரணத்தால் முன்னால் செல்பவர் விழுந்தால் பின்னால் வருபவர் வண்டியை நிறுத்த இயலாது. வண்டியைத் திருப்பி விலகுவது அல்லது தானே கீழே விழுவது ஆகிய இரண்டு வழிகளே அவருக்கு உண்டு. இந்த உண்மை கிரேவனின் வாழ்க்கையின் முடிவோடு நேரடியாகத் தொடர்புடையது.

இளமைக்காலம்

பீட்டர் கிரேவன் 1934ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிலுள்ள துறைமுக நகரான லிவர்பூலில் பிறந்தார். இவரது மூத்த சகோதரரான பிரையன் கிரேவனும் ஸ்பீட்வே வீரராக விளங்கினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரித்தானியாவில் ஸ்பீட்வே பெரும் மக்கள் ஆதரவு பெற்ற விளையாட்டாக இருந்தது. லிவர்பூல் நகரிலும் ஸ்டான்லி விளையாட்டரங்கில் ஓர் அணி இயங்கி வந்தது. கிரேவன் தனது பதின்ம வயதிலேயே அவ்வரங்கில் வண்டி ஓட்டத் தொடங்கினார். பின்னர் 1952ஆம் ஆண்டில், அண்டை நகரான மான்செஸ்டரின் பெல் வியூ அணியில் இடம்பெற்றார். அதன் பின்னர் இறக்கும் வரை அந்த அணியின் வீரராகவே இருந்தார்.

பெல் வியூ அணி

பெல் வியூ என்பது மான்செஸ்டர் நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்திருந்த புகழ்பெற்ற உயிரியல் பூங்காவும் கேளிக்கை மைதானமும் ஆகும். 1928ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஸ்பீட்வே அறிமுகமானது. அதற்கு அடுத்த ஆண்டில் பெல் வியூ வளாகத்திலுள்ள ஹைட் சாலை அரங்கில் பந்தயங்கள் தொடங்கின. ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்த மக்களுக்கு வார இறுதியில் ஹைட் சாலைக்குச் செல்வது வழக்கமாயிற்று. அகன்ற வளைவுகளைக் கொண்ட அத்தளத்தில் பின்னால் வருபவர் முன்னால் செல்பவரை முந்துவதற்கு நிறைய இடம் இருந்தது.

கிரேவன் வருவதற்கு முன்பே இந்த அணி பல சிறந்த வீரர்களைக் கண்டிருந்தது. 1930களில் ஃபிராங்க் வேரி, எரிக் லாங்டன், ஜோ அப்பாட், பில் கிட்சன் முதலியோர் இதன் தூண்களாக விளங்கினர். 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தேசிய லீக் பட்டத்தை பெல் வியூ வென்றது. 1936இல் வெம்பிளியில் நடைபெற்ற முதலாவது உலகச் சாம்பியன் போட்டியில் லாங்டன், ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராக்குடன் நடந்த கூடுதல் பந்தயத்தில் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். 1949இல் ஜாக் பார்க்கர் இரண்டாம் இடத்தையும் லூயிஸ் லாசன் மூன்றாம் இடத்தையும் பெற்றனர். ஆயினும் 1955 வரை பெல் வியூ வீரர் எவரும் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றதில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் கிரேவன் ஆவார்.

பந்தய முறை

கிரேவன் உயரம் குறைந்தவர். மெலிந்த உடலமைப்புக் கொண்டவர். ஸ்பீட்வே வண்டி வளைவில் சறுக்கும்போது அதனை அடக்குவதற்குப் பல வீரர்கள் தம் உடல் எடையையும் தோள் வலிமையையும் நம்பியிருந்தனர். கிரேவனுக்கு அவ்வசதி இல்லை. அவர் வண்டியின் மீது தன் உடலை நொடிக்கு நொடி இடம் மாற்றி, சமநிலையைக் கொண்டே வண்டியை வழிநடத்தினார். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும் நிலையிலும், பிறர் விழுந்துவிடுவார் என்று எண்ணும் சாய்விலும் அவர் வேகத்தைக் குறைக்காமல் சென்றார். இதனால் சமநிலை வித்தகர் என்னும் பொருள் தரும் பட்டப்பெயரால் இவர் அழைக்கப்பட்டார்.

எடை குறைவு என்பது தொடக்கத்தில் விரைந்து புறப்படுவதற்கு உதவும். ஆனால் பின்சக்கரத்தின் பிடிமானத்துக்கு எடை தேவைப்படுவதால், ஈரமான அல்லது வழுக்கும் தளத்தில் அதுவே பாதகமாகவும் அமையும். அந்தப் பாதகத்தைத் தன் திறமையால் ஈடு செய்தமையே கிரேவனின் சிறப்பு எனலாம்.

உலகச் சாம்பியன் பட்டங்கள்

அக்காலத்தில் உலகச் சாம்பியன் பட்டம் ஒரே இரவில் தீர்மானிக்கப்பட்டது. பல சுற்றுகளில் தேர்வான 16 வீரர்கள் இறுதிப் போட்டியில் மோதுவர். மொத்தம் 20 பந்தயங்கள் நடைபெறும். ஒவ்வொரு வீரரும் ஐந்து பந்தயங்களில் பங்கேற்று, ஏனைய 15 பேரையும் ஒவ்வொரு முறை எதிர்கொள்வார். ஐந்திலும் வென்றால் 15 புள்ளிகள் கிடைக்கும். ஒரு முறை எஞ்சின் பழுதானாலோ, தொடக்கத்தில் தடுமாறினாலோ ஓராண்டு உழைப்பும் வீணாகிவிடும்.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் கிரேவன் 13 புள்ளிகள் பெற்று உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 21 மட்டுமே. முந்தைய ஆண்டின் சாம்பியனான நியூசிலாந்தின் ரோனி மூர், அதே நாட்டைச் சேர்ந்த பேரி பிரிக்ஸ், வேல்ஸ் நாட்டின் எரிக் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் தலா 12 புள்ளிகள் பெற்றுப் பின்தங்கினர். 1949இல் டாமி பிரைஸ் வென்றதற்குப் பின்னர் இங்கிலாந்து வீரர் ஒருவர் இப்பட்டத்தைப் பெற்றது இதுவே முதன்முறையாகும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் கிரேவன் மீண்டும் பட்டத்தை நெருங்கியும் பெற இயலாமல் போனது. 1957இல் மூன்றாம் இடம் பெற்றார். 1960இல் கிரேவன், மூர், சுவீடனின் ஓவே ஃபுண்டின் ஆகிய மூவரும் தலா 14 புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் இருந்தனர். வெற்றியாளரைத் தீர்மானிக்க நடத்தப்பட்ட கூடுதல் பந்தயத்தில் ஃபுண்டின் வென்றார். கிரேவன் மூன்றாம் இடத்தையே பெற்றார். 1961இல் இறுதிப் போட்டி முதன்முறையாக வெம்பிளிக்கு வெளியே, சுவீடனின் மால்மோ நகரில் நடைபெற்றது. அதிலும் ஃபுண்டினே வென்றார்.

1962ஆம் ஆண்டில் போட்டி மீண்டும் வெம்பிளிக்குத் திரும்பியது. இம்முறை கிரேவன் 14 புள்ளிகள் பெற்று, 13 புள்ளிகள் பெற்ற பிரிக்ஸை ஒரு புள்ளியில் வென்றார். ஃபுண்டின் மூன்றாம் இடம் பெற்றார். முதல் பட்டத்திற்கும் இரண்டாம் பட்டத்திற்கும் இடையே ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஐம்பெரும் வீரர்கள்

1950களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரையான காலத்தில் ஃபுண்டின், பிரிக்ஸ், மூர், கிரேவன், சுவீடனின் பியோர்ன் க்னூட்சன் ஆகியோர் ஐம்பெரும் வீரர்கள் என அழைக்கப்பட்டனர். 1954 முதல் 1967 வரையான 14 ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டம் இந்த ஐவரைத் தவிர வேறு எவருக்கும் செல்லவில்லை. ஃபுண்டின் 5 முறையும், பிரிக்ஸ் 4 முறையும், மூரும் கிரேவனும் தலா 2 முறையும், க்னூட்சன் ஒரு முறையும் அக்காலத்தில் வென்றனர். ஐவருள் இங்கிலாந்தைச் சேர்ந்தவர் கிரேவன் ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது.

இவர்களின் ஆதிக்கம் காரணமாக லீக் பந்தயங்களின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றது என்ற கவலை எழுந்தது. எனவே 1960களின் தொடக்கத்தில் இவ்வீரர்கள் ஏனையோரைவிட 20 கெஜம் (சுமார் 18 மீட்டர்) பின்னாலிருந்து புறப்பட வேண்டும் என்ற விதி பிரித்தானியப் பந்தயங்களில் கொண்டு வரப்பட்டது. நான்கே சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் மூவரையும் பின்னாலிருந்து துரத்தி முந்த வேண்டிய கட்டாயம் இதனால் உண்டானது. ரசிகர்களுக்கு அது விருந்தாக அமைந்தாலும், வீரர்களுக்கு இடர் மிகுந்ததாகவே இருந்தது.

பெல் வியூவில் கிரேவன்

கிரேவன் விளையாடிய காலத்தின் பெரும்பகுதி பிரித்தானிய ஸ்பீட்வேக்கு இறங்குமுகமான காலமாகும். தொலைக்காட்சியின் வருகை, கேளிக்கை வரி முதலிய காரணங்களால் 1950களில் பல அரங்குகள் மூடப்பட்டன. கிரேவன் தொடங்கிய லிவர்பூல் அணியும் அவற்றுள் ஒன்று. 1957ஆம் ஆண்டளவில் நாட்டில் ஒரே ஒரு லீக் மட்டுமே எஞ்சியிருந்தது. அந்நிலையிலும் ஹைட் சாலை அரங்கம் மக்கள் கூட்டத்தை இழக்காமல் நிலைத்ததற்குக் கிரேவனின் பங்கு பெரிதாகும்.

நியூசிலாந்தைச் சேர்ந்த ரான் ஜான்ஸ்டன், டிக் ஃபிஷர், சிரில் மெய்ட்மென்ட் முதலியோர் இவரது சக வீரர்கள் ஆவர். சுவீடனின் சோரன் ஸ்யோஸ்டன் 1960களின் தொடக்கத்தில் இவர்களுடன் இணைந்தார். 1958இல் தேசியக் கோப்பையை பெல் வியூ வென்றது. 1961இல் தொடங்கிய பிரித்தானியச் சாம்பியன் போட்டியில் கிரேவன் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். 1963இல் பெல் வியூ தேசிய லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. 1936க்குப் பின்னர் அந்த அணி பெற்ற முதல் லீக் பட்டம் இதுவாகும். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்த மான்செஸ்டர் ரசிகர்களுக்கு மகிழ்ச்சியளித்திருக்க வேண்டிய அந்த ஆண்டே, தம் அன்புக்குரிய வீரரை அவர்கள் இழந்த ஆண்டாகவும் அமைந்தது.

விபத்தும் மறைவும்

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பெல் வியூ அணி எடின்பரோ மோனார்க்ஸ் அணியை எதிர்த்து, எடின்பரோ நகரின் பழைய மெடோபேங்க் அரங்கில் மோதியது. அப்போது பெல் வியூ தேசிய லீக்கிலும் எடின்பரோ மாகாண லீக்கிலும் இருந்தன. ஆகவே இப்போட்டி எந்த லீக் புள்ளிக்கும் உரியதன்று. இரு அணிகளுக்கிடையிலான நட்புமுறைப் போட்டியே ஆகும்.

பந்தயம் ஒன்றில் எடின்பரோ வீரர் ஜார்ஜ் ஹண்டர் முன்னால் செல்ல, கிரேவன் அவரை நெருங்கித் துரத்திக் கொண்டிருந்தார். அப்போது ஹண்டரின் எஞ்சின் திடீரென இறுகி நின்றது. அவர் தளத்தில் விழுந்தார். கீழே கிடந்தவர் மீது மோதுவதைத் தவிர்க்கும் பொருட்டுக் கிரேவன் தன் வண்டியைத் திருப்பினார். விலகுவதற்குப் போதிய இடமில்லாமையால் அவர் பாதுகாப்பு வேலியில் மோதித் தலையில் பலத்த காயமடைந்தார். எடின்பரோ அரச மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த அவர், நான்கு நாட்களுக்குப் பின் செப்டம்பர் 24ஆம் நாள் உயிரிழந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் இருந்தனர்.

ஹண்டர் உயிர் பிழைத்தார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் அவர் பந்தயங்களில் பங்கேற்றார். பட்டமோ புள்ளியோ பணயத்தில் இல்லாத ஓர் இரவில், இரண்டு முறை உலகச் சாம்பியனான ஒருவர் சக வீரரைக் காப்பதற்காகத் தன் உயிரை இழந்தார் என்பதே இந்நிகழ்வை ஸ்பீட்வே உலகம் நீண்ட காலம் மறவாமைக்குக் காரணம் ஆகும்.

ஸ்பீட்வேயில் உயிரிழப்பு அதற்கு முன்பும் நிகழ்ந்ததுண்டு. பெல் வியூவின் முன்னாள் வீரரான ஜோ அப்பாட் 1950ஆம் ஆண்டு பிராட்ஃபோர்ட் நகரின் ஓட்சல் அரங்கில் பந்தயத்தின்போது இறந்தார். அக்காலத்துப் பாதுகாப்பு வேலிகள் பார்வையாளர்களைக் காப்பதற்கே முதன்மையாக அமைக்கப்பட்டிருந்தன; வேகமாக வந்து மோதும் வீரரின் அதிர்ச்சியைத் தாங்கும் வகையில் அவை அமையவில்லை. காற்று நிரப்பிய மெத்தை வேலிகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே வழக்கத்துக்கு வந்தன.

நினைவும் தாக்கமும்

கிரேவனின் நினைவாக பெல் வியூவில் பீட்டர் கிரேவன் நினைவுக் கோப்பை என்னும் தனிநபர் போட்டி ஏற்படுத்தப்பட்டது. அவர் பந்தயம் ஓட்டியதைக் கண்டிராத தலைமுறைகளுக்கும் அவரது பெயரை அறிமுகம் செய்தது இப்போட்டியே ஆகும்.

கிரேவனுக்குப் பின்னர் இவான் மாகர் பெல் வியூ வீரராக இருந்து 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். எனினும் அவர் நியூசிலாந்தைச் சேர்ந்தவர். 1962க்குப் பின் இங்கிலாந்து வீரர் ஒருவர் உலகச் சாம்பியன் ஆவதற்கு 14 ஆண்டுகள் பிடித்தன. 1976இல் அப்பட்டத்தை வென்ற பீட்டர் காலின்ஸ் என்பவரும் பெல் வியூ அணியைச் சேர்ந்தவரே. இரண்டு முறை பட்டம் வென்ற ஒரே இங்கிலாந்து வீரர் என்ற கிரேவனின் நிலை அதைவிட நெடுங்காலம் நீடித்தது. டாய் வொஃபிண்டன் 2013இல் பெற்ற பட்டத்தைத் தொடர்ந்து 2015இல் இரண்டாம் முறையும் வென்று இதனைச் சமன் செய்தார். 2018இல் மூன்றாம் முறை வென்று கடந்து சென்றார்.

கிரேவனின் வாழ்க்கையோடு தொடர்புடைய இடங்கள் பெரும்பாலும் இன்று இல்லை. பழைய மெடோபேங்க் அரங்கம் இடிக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளுக்காக அவ்விடத்தில் புதிய அரங்கம் கட்டப்பட்டது. பெல் வியூ உயிரியல் பூங்கா 1977இல் மூடப்பட்டது. ஹைட் சாலை அரங்கில் கடைசி ஸ்பீட்வே பந்தயம் 1987ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நடைபெற்றது. பின்னர் அவ்விடம் வாகன ஏல நிலையமாக மாறியது. அணி மட்டும் அழியவில்லை. 1988 முதல் அருகிலுள்ள கர்க்மன்சூம் சந்து அரங்கிலும், 2016 முதல் புதிதாகக் கட்டப்பட்ட தேசிய ஸ்பீட்வே அரங்கிலும் பெல் வியூ ஏசஸ் தன் பந்தயங்களை நடத்தியது.

முக்கிய வெற்றிகள்

- உலகச் சாம்பியன் - 1955, 1962
- உலகச் சாம்பியன் போட்டி, மூன்றாம் இடம் - 1957, 1960
- பிரித்தானியச் சாம்பியன் - 1962, 1963
- தேசியக் கோப்பை (பெல் வியூ அணியுடன்) - 1958
- தேசிய லீக் (பெல் வியூ அணியுடன்) - 1963